கிளைடர் பயிற்சியில் நடக்கும் விபத்துகளிலிருந்து அந்த ஆட்கள் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா?

கேள்வி கேட்டிருக்கும் அக்கா திருகோணமலைக்காரர். தம்பி படிப்புக்காக இங்கிலாந்து போகிறார், அங்கே பல்கலைக்கழகத்தில் கிளைடர், அதாவது இயந்திரமில்லாத விமானம், ஓட்டும் கிளப்பில் சேரப் போவதாகச் சொல்கிறார். வீட்டில் யாரோ பயிற்சி விபத்துச் செய்தி ஒன்றை வாசித்துக் காட்டியதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லையாம். "இவர்கள் ஒரு விபத்து நடந்தால் அதிலிருந்து படிக்கிறார்களா, இல்லை இரண்டு நாள் கவலைப்பட்டுவிட்டு மறுபடி அதே மாதிரிப் பறக்கிறார்களா?" என்று கேட்கிறார்.

நானும் திருகோணமலைதான். இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் ஆறு வருடம் ஒரு கிளப்பில் பறந்தேன். இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள உப்புவெளிக்குத் திரும்பி வந்துவிட்டேன். நான் பயிற்றுநராக இருந்ததில்லை. அதனால் மாணவன் உட்காரும் முன் இருக்கையிலிருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

படிக்கிறார்கள். ஆனால் அது தானாக நடப்பதில்லை, எல்லாக் கிளப்பிலும் ஒரே அளவில் நடப்பதுமில்லை.

அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு வழி இருக்கிறது. மாலையில் கோணேசர் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று பாருங்கள். கடற்காற்று பாறையில் மோதி மேலே ஏறும். செம்பருந்துகள் சிறகடிக்காமல் அந்தக் காற்றிலேயே நிற்கும். கிளைடரும் அதே வேலையைத்தான் செய்கிறது, இயந்திரம் இல்லாமல். ஆனால் பருந்து மாதிரிப் பாறையிலிருந்து குதித்துக் கிளம்ப முடியாது. யாராவது இழுத்துவிட வேண்டும். சில இடங்களில் சிறிய விமானம் கட்டி இழுக்கும். எங்கள் கிளப்பில் வின்ச். திடலின் மறு கோடியில் ஒரு பெரிய இயந்திரம், அதிலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் கேபிள். இயந்திரம் கேபிளைச் சுருட்ட, மறு நுனியில் மாட்டிய கிளைடர் மேலே ஏறும். நின்ற இடத்திலிருந்து சில விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் வந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும், ஒரு நிமிடத்துக்குள் 300 மீற்றருக்கு மேல் போய்விடலாம். அந்த ஒரு நிமிடத்தில் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்பதுதான் வின்ச் பயிற்சியின் பெரும் பகுதி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சியில் இருந்த இரண்டாவது கோடை. சுமார் 150 அடி உயரத்தில், மூக்கு நன்றாகத் தூக்கியிருக்கும்போது, பின்னால் இருந்த பயிற்றுநர் சொல்லாமல் கேபிளைக் கழற்றிவிட்டார். இப்படிச் சொல்லாமல் கழற்றுவது பயிற்சியில் வழக்கம்தான். நான் உடனே குச்சியை முன்னால் தள்ளினேன், மூக்கு அடிவானத்துக்குக் கீழே வந்தது. முன்னால் பார்த்தால் தினமும் இறங்கும்போது தெரியும் அதே காட்சி: புல்வெளி, மரவரிசை, வின்ச். சரி, இறங்கலாம் என்று என் இடது கை ஏர்பிரேக் பிடியைத் தேடிப் போனது. இறக்கையிலிருந்து பலகையை எழுப்பி விமானத்தை வேகமாகக் கீழே இறக்குவது ஏர்பிரேக். அங்கே பயிற்றுநர் தன் பக்கத்துப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், என் பிடி அசையவில்லை. "வேகத்தைப் பார்" என்றார். முள் 40 நாட்ஸுக்கும் கீழே இருந்தது. எங்களுக்குத் தேவை 55, அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர்.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் இறந்திருக்கிறார்கள். செங்குத்தாக ஏறும்போது கேபிள் அறுந்தால் வேகம் மளமளவென்று விழும். மூக்கைத் தாழ்த்துவது இரண்டு மூன்று விநாடி வேலை. ஆனால் வேகம் மூக்குடன் சேர்ந்து வருவதில்லை, அது பின்னால்தான் வந்து சேரும். இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளில் காட்சி சரியாக இருக்கும், விமானம் மட்டும் இன்னும் பறக்கும் நிலைக்கு வந்திருக்காது. அப்போது ஏர்பிரேக்கைத் திறந்தாலோ, திரும்பினாலோ, குச்சியைப் பின்னால் இழுத்தாலோ இறக்கை விமானத்தைத் தாங்காது. அதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஒரு பக்க இறக்கை முதலில் கைவிட்டால் விமானம் சுழன்று விழும், அது ஸ்பின். 150 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை.

அன்று நாங்கள் ஒழுங்காக இறங்கிவிட்டோம். எனக்குப் பாடமாக அமைந்தது மாலையில் நடந்ததுதான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எல்லார் முன்னாலும் அந்தப் பயிற்றுநர் எழுந்து நின்றார். முப்பது வருடத்துக்கு மேல் பறந்தவர். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "நான் நினைத்த உயரத்துக்கு முன்பே கழற்றிவிட்டேன். வேகம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. என் கை பிடியில் இல்லாமல் இருந்திருந்தால் இன்று மாலை நாம் வேறு எதையோ கதைத்துக்கொண்டிருப்போம்" என்றார். அதைக் கிளப்பின் சம்பவப் புத்தகத்தில் எழுதினார். அது தேசியச் சங்கத்துக்கும் போனது. அதற்குப் பிறகுதான் நானும் எழுந்து, என் கை ஏன் அங்கே போனது என்று சொன்னேன். "இறங்கும் காட்சி தெரிந்தது, அதனால்தான்." இன்னும் இரண்டு மாணவர்கள் தங்களுக்கும் அப்படி நடந்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பயிற்றுநர்கள் கேபிள் அறுப்பில் மாணவனை வேகத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். 55 என்று சொல்லும் வரை இடது கை மடியில் இருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பாடம் படிப்பதற்கு எதிரி பயமில்லை. விபத்தைக் கேட்டவுடன் மனம் செய்யும் முதல் வேலை ஒன்று இருக்கிறது: இறந்தவரையும் நம்மையும் பிரித்து வைப்பது. "நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்." அந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் உள்ளே போகாது. கேட்க வேண்டியது வேறு: அந்த விநாடியில் அவருக்கு அது ஏன் சரியாகத் தெரிந்தது?

தரைக்குக் கிட்ட கடைசித் திருப்பத்தில் ஸ்பின் ஆகி விழும் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கக் கிளைடர்காரர்களைக் கொன்ற பழைய விபத்து. உயரம் குறைந்துவிட்டது, ஓடுபாதையை நோக்கித் திரும்ப வேண்டும். தரை கிட்டத் தெரிவதால் இறக்கையைச் சாய்க்க மனம் வராது. சாய்த்தால் நுனி தரையில் பட்டுவிடும் போலிருக்கும். அதனால் கால் தானாகச் சுக்கானை மிதித்து மூக்கைத் திருப்பப் பார்க்கும். தரை வேகமாக ஓடுவது போலத் தெரிவதால் கை குச்சியைப் பின்னால் இழுக்கும். ஒவ்வொன்றும் பாதுகாப்பாகத் தோன்றும் செயல். எல்லாம் சேர்ந்தால் ஸ்பின்னுக்கான சரியான செய்முறை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் கம்பளி நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று எச்சரிக்கும், ஆனால் அந்த நேரத்தில் கண் தரையை விட்டு அகலாது. இதை மடத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர், தன் காலும் ஒருநாள் அப்படியே மிதிக்கும் என்பதை அறியாமல் போகிறார்.

2005 இல் பிரித்தானிய கிளைடிங் சங்கம் இப்படித்தான் வின்ச் விபத்துகளை அணுகியது. பல வருடப் பதிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். கேபிள் அறுந்த பிறகு வரும் ஸ்டால் ஒன்று. தரையை விட்டதும் மூக்கை அவசரமாகத் தூக்கி விழுவது இன்னொன்று. மற்றது, தரையில் ஓடும்போதே ஒரு இறக்கை புல்லைத் தொட்டு விமானம் குடைசாய்வது. இந்தக் கடைசி விபத்தை யோசித்துப் பாருங்கள். கேபிளைக் கழற்றும் பிடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு ஏன் கழற்றவில்லை? இன்னும் ஒரு விநாடியில் இறக்கையை நிமிர்த்திவிடலாம் என்ற நம்பிக்கை. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு ஏற்றத்தை வீணாக்கும் வெட்கமும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். அதற்குள் நேரம் போய்விடும். அதனால் விதியை எளிமையாக வைத்தார்கள்: தொடங்கும்போதே கை பிடியில் இருக்கட்டும், இறக்கையை மட்டமாக வைக்க முடியவில்லை என்றால் அது புல்லைத் தொடும் முன் கழற்று. அதற்குப் பிறகு வின்ச் ஏற்றத்தில் உயிரிழப்பும் கடும் காயமும் கணிசமாகக் குறைந்தன. உங்கள் அம்மாவிடம் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

இது புதிதாக வந்த பழக்கமுமில்லை. ஜெர்மனியில் ஒட்டோ லிலியந்தால் 1896 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 15 மீற்றர் உயரத்திலிருந்து ஸ்டாலாகி விழுந்து மறுநாள் இறந்தார். ரைட் சகோதரர்கள் அந்த மரணத்தை யோசித்தார்கள். தங்கள் கிளைடரில் ஏற்றஇறக்கச் சுக்கானை முன்பக்கம் வைத்தார்கள். அப்படி மூக்குக் குத்தி விழாமல் அது காப்பாற்றும் என்பது அவர்கள் கணிப்பு.

எங்கள் ஊரிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். திருக்கடலூரில் என் மாமா ஒருவர் கடற்றொழிலுக்குப் போகிறவர். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மாரிக்காலத்தில் ஒரு படகு கரையேறும்போது கவிழ்ந்து ஒருவர் போய்விட்டார். வாடியில் எல்லாரும் "அவருக்கு நேரம் வந்துவிட்டது" என்றார்கள். மாமா மட்டும் தப்பி வந்தவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அலை வரும்போது நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். கரையில் கயிறு பிடிக்க ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமாவின் படகில் அன்றிலிருந்து கரையேறும்போது ஒருவர் முழு நேரமும் கடலைப் பார்த்து உட்காருவார், கரையில் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பமாட்டார். விதி என்று சொல்வது துக்கத்துக்கு ஆறுதல், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் யாராவது கேட்க வேண்டும், பழி சொல்லாமல் கேட்க வேண்டும். விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதிகளிலும் இதுதான் எழுதியிருக்கிறது: விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, குற்றம் சுமத்துவதல்ல.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். "திடலுக்குக் கார் ஓட்டி வருவதுதான் இதில் ஆபத்தான பகுதி" என்று கிளப்புகளில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை, புதிய மாணவனிடம் சொல்லவும் கூடாது. மூத்தவர்கள் தங்கள் தவறைச் சொல்லாத கிளப்புகள் இருக்கின்றன, அங்கே மாணவனும் சொல்லமாட்டான். கிளைடரின் இறக்கைகளைக் கழற்றி வைத்து, பறக்கும் முன் திரும்பப் பூட்டுவது உண்டு. அப்போது யாராவது பேச்சுக் கொடுத்து, குச்சியோடு சேரும் ஒரு இணைப்பு பூட்டப்படாமலே விமானம் கிளம்பிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. பூட்டிய பிறகு ஒருவர் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகையை அசையாமல் பிடிக்க, மற்றவர் உள்ளிருந்து குச்சியை மெதுவாக அசைத்து இணைப்பைச் சோதிப்பது அதனால் வந்த பழக்கம்தான்.

தம்பி கிளப்புக்குப் போகும் முதல் நாளே, கடைசியாக இங்கே என்ன தவறு நடந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள் என்று கேட்கட்டும். உடனே சொன்னால், அதுவும் சொல்கிறவர் தன் சொந்தத் தவறையே சொன்னால், அங்கே சேரலாம். இங்கே எதுவும் நடந்ததில்லை என்றால் நான் வேறு கிளப்பைப் பார்ப்பேன்.

போவதற்கு முன் ஒரு மாலை தம்பியை உப்புவெளிப் பக்கம் அனுப்புங்கள். ஒரு நாற்காலியும் விளக்குமாற்றுத் தடியும் போதும். "கேபிள் அறுந்தது" என்று நான் சொல்வேன், அவர் தடியை முன்னால் தள்ளி, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, 55 வரும் வரை வேகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மாவும் கூட வந்து பார்க்கட்டும்.