சாஃப்ட் டாப்புக்கு சோப்பு கொஞ்சம், தண்ணீர் நிறைய

மழை நின்று நாலு நாள் வெயில் அடித்தால் போதும், மடக்கக்கூடிய கார்க் கூரையை, அதாவது சாஃப்ட் டாப்பைப் பற்றிக் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். இந்த முறை மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் அதிகம், பழைய ஜீப்காரர்கள் சிலர், லண்டனிலிருந்து ஒருவர்.

கோவையிலிருந்து: தார் கன்வெர்டிபிள் வைத்திருக்கிறேன். கூரைக்கு நன்றாக ஷாம்பூ போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மறுபடி ஷாம்பூ போட்டால் இன்னும் கூடிவிட்டது.

மூன்றாவது தடவை போட்டுவிடாதீர்கள். அது அழுக்கு இல்லை, நீங்கள் போட்ட ஷாம்பூவேதான். போர்வெல் தண்ணீர் என்றால் அதோடு உப்பும் சேர்ந்திருக்கும். உங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் ரெண்டு பக்கெட் அதற்கென்றே எடுத்து வையுங்கள். கடைசி அலசல் அதில் இருக்கட்டும்.

முதலில் கூரை துணியா, ரெக்சினா என்று பாருங்கள். விரலால் நீவினால் நூல் தட்டுப்பட்டால் துணி. அச்சடித்த தோல் மாதிரி வழவழப்பாக இருந்து, வெயிலில் பிளாஸ்டிக் வாடை வந்தால் ரெக்சின். ரெக்சினில் சோப்பு மேலோடு நிற்கும், ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும். துணியில் நூலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இவ்வளவு அலசல்.

நான் செய்வது இதுதான். கூரையை மூடி, கொக்கிகளை மாட்டி, வண்டியை நிழலில் நிறுத்துவேன். காய்ந்திருக்கும்போதே வேக்வம் போட்டுத் தூசியை எடுத்துவிடுவேன். தூசியோடு தண்ணீர் ஊற்றினால் சேறுதான். அப்புறம் வெறும் தண்ணீரால் கூரை முழுக்க நனைப்பேன். ஒரு பக்கெட் தண்ணீருக்கு மிதமான கார் ஷாம்பூ ஒரு மூடி, அவ்வளவுதான். மென்மையான பிரஷ்ஷை நூல் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் துணி பிசிறு தட்டும். அழுக்கான இடத்தை மட்டும் கழுவினால் அங்கே ஒரு வளையம் நிற்கும், ஆகையால் எப்போதும் முழுக் கூரை. பிறகு அலசல். எவ்வளவு நேரம்? உள்ளங்கையால் துணியைத் தட்டிப் பாருங்கள். விரல் இடுக்கில் ஒரு நுரைக்குமிழி வந்தாலும் இன்னும் முடியவில்லை. கழுவ ஆன நேரத்தைப்போல் ரெண்டு மடங்கு அலசவே ஆகும்.

துணி துவைக்கும் சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பிளீச்சிங் மூன்றும் வேண்டாம். முதல் ரெண்டும் தண்ணீரை ஒட்டவிடாத மேல்பூச்சை எடுத்துவிடும். பிளீச்சிங் நிறத்தை வெளுத்து, தையல் நூலையும் இற்றுப்போக வைக்கும்.

சேலத்திலிருந்து: வாட்டர் சர்வீஸில் கன் அடித்துக் கழுவலாமா?

தூரத்திலிருந்து, விசிறி மாதிரி பரப்பி அடித்தால் சரி. தையலுக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜீப் ஹூட்டின், அதாவது மேல்கூரையின், மூலையில் பாசி போகவில்லையே என்று கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். பாசி போயிற்று, கூடவே நாலு அங்குலத் தையலும் போயிற்று. மறுதையல் கூலி என் சம்பளத்தில்.

மதுரையிலிருந்து: வண்டி நிற்பது நாவல் மரத்தடியில். பழக்கறை, காக்கை எச்சம் ரெண்டும் உண்டு. கூரை பழுப்பு நிறத் துணி.

எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறி இளகிவிடும். தேய்க்காமல் அப்படியே வழித்து எடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெயில் அதை உள்ளே சுட்டுவிடும்.

நாவல் பழம் கொஞ்சம் வம்பு. அதன் ஊதா நிறம் காரம் பட்டால் நீலமாக மாறும் வகை. சோடா உப்போ துவைக்கும் சோப்போ போட்டவர்கள், கறை போகாமல் நிறம் மட்டும் மாறிவிட்டது என்று வருவார்கள். முதலில் பச்சைத் தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுங்கள். மிச்சத்துக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ரெண்டு பங்கு கலந்து, கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டு ஒற்றுங்கள். பழைய கறை என்றால் பழுப்புத் துணியில் ஒரு நிழல் தங்கத்தான் செய்யும். மரத்தை வெட்ட முடியாது, வண்டியைத் தள்ளி நிறுத்தலாம்.

சென்னையிலிருந்து: முன்பெல்லாம் கூரையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது ஊறி நிற்கிறது. ஒழுக ஆரம்பித்துவிடுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது, பலர் வீணாகப் புதுக்கூரை போட்டதும் இந்தப் பயத்தால்தான். துணிக் கூரை என்பது பொதுவாக மூன்று அடுக்கு: வெளியே நெய்த துணி, நடுவில் ரப்பர், உள்ளே லைனிங். மழையைத் தடுப்பது நடுவிலுள்ள ரப்பர். முத்து முத்தாக உருள்வது வெளித்துணியில் இருக்கும் பூச்சின் வேலை. பூச்சு தேய்ந்தால் துணி நனையும், கனக்கும், மெதுவாகக் காயும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒழுகாது. ஒழுகல் பெரும்பாலும் தையலிலிருந்தோ, கதவு மேலுள்ள ரப்பர் பீடிங்கிலிருந்தோ, அடைத்துக்கொண்ட வடிகால் துளையிலிருந்தோதான் வரும்.

பூச்சைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். துணிக்கென்றே தண்ணீரை ஒட்டவிடாத ஸ்ப்ரே கிடைக்கிறது. 303 ஃபேப்ரிக் கார்டு, ராக்டாப் இரண்டும் எனக்குப் பழக்கம். கூரை சுத்தமாக, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். கண்ணாடியையும் பெயின்டையும் பழைய போர்வையால் மூடி, ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கண்ணாடியில் படிந்தால் சுரண்டி மாளாது. ஒரே தடவையாகச் சொட்டச் சொட்ட அடிக்காமல் மெலிதாக ரெண்டு கோட். பிறகு ஓர் இரவு முழுக்கப் பனியும் மழையும் படாமல் வண்டி உள்ளே நிற்கட்டும்.

ரெக்சினுக்கு இந்த ஸ்ப்ரே பயன்படாது. அதற்கு எதிரி வெயில். புறஊதாக் கதிரைத் தடுக்கும் வினைல் (ரெக்சின்) புரொடெக்டன்ட் வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து: ரெக்சின் ஹூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள். டயர் பாலிஷும்?

ரெண்டும் வேண்டாம். ஒரு நாள் பளபளக்கும், மறுநாள் ஊர்ப் புழுதி முழுக்க அதில் ஒட்டியிருக்கும்.

குன்னூரிலிருந்து: மழையில் அவசரமாகக் கூரையை மடித்து ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது உள்ளே கறுப்புப் புள்ளியும் பூஞ்சை வாடையும்.

வெயில் வரும் நாள் பார்த்துக் கூரையை விரித்து, கதவுகளைத் திறந்து வையுங்கள். காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, மூக்கைக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியைப் பிழிந்து ஒற்றுங்கள். லைனிங்கைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். புள்ளி வெளிறும், சில இடத்தில் முழுதாகப் போகாது. மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நனைந்த கூரைமேல் பிளாஸ்டிக் கவர் போடுவது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வேலை.

லண்டனிலிருந்து: முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. கூரையில் பச்சைப் பாசி, பின் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கல், சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் வேறு ஈரம்.

அழகான வண்டி. ஈரத்தை முதலில் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் சீட் பெல்ட் வெளிவரும் தூணுக்குப் பின்னால், கூரை மழைநீர் இறங்கும் வடிகால் துளை பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு வரும், பிறகு பக்கவாட்டுத் தகடு துருப்பிடிக்கும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றை விட்டு மெல்ல ஆட்டுங்கள், ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் ஒழுகினால் வழி திறந்தாயிற்று. கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே குழாய் கிழியும்.

பாசிக்கு, சாஃப்ட் டாப்புக்கென்றே விற்கும் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும். ஜன்னலைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. லேசான மங்கலை பிளாஸ்டிக் பாலிஷ் எடுத்துவிடும். கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைப்பதைத் தவற விடாதீர்கள். குளிர்காலத்தில் அது விறைத்திருக்கும்போது மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: பழைய ஜீப். தையல் ஓரம் சொட்டுகிறது, ஜிப் இறுகிக்கொண்டது.

கூடாரத் தையலின் துளைகளை அடைக்கப் போடும் சீம் சீலரை உள்பக்கமாகத் தடவுங்கள். அது வரும்வரை தேன்மெழுகைத் தையல்மேல் அழுத்தித் தேய்த்து வைத்தால் ஒரு மழையைத் தாட்டலாம். ஜிப்புக்கு வீட்டிலுள்ள மெழுகுவத்தியே போதும், பல்லின் இரு பக்கமும் தேய்த்து நாலு தடவை ஏற்றி இறக்குங்கள். நூல் கையோடு வந்துவிட்டால் மட்டும் தையல்காரரிடம் போங்கள். பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் என்று சொல்லிக் கொடுங்கள்.