கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, குளிர்விக்கக் கூடாதா?

கேள்வி: ஐயா, வணக்கம். பின்லாந்தில் கூகுள், சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் தன் டேட்டா சென்டரைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கிறதாம். சென்னைக்கும் கடல் இருக்கிறது. சிறுசேரி, அம்பத்தூர் என்று டேட்டா சென்டர்களும் வந்துகொண்டே இருக்கின்றன. நாம் ஏன் அப்படிச் செய்வதில்லை?
— பொறியியல் மாணவர், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது ஹமினா என்ற ஊரில் இருக்கிறது. 2009இல் கூகுள் வாங்கிய பழைய காகித ஆலை அது. ஆலைக்குக் கடல் தண்ணீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கம் ஏற்கெனவே இருந்தது. பாதி யோகம் அதுதான். மீதி, பின்லாந்து வளைகுடாவின் குளிர். நம் வங்கக் கடலின் மேல்மட்டத் தண்ணீர் வெயில் காலத்தில் 29, 30 டிகிரியில் நிற்கும். அதை வைத்து சர்வர் அறையை 24 டிகிரிக்கு இறக்க முடியாது. தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லர் ஓடியே ஆக வேண்டும். சில்லர் கக்கும் சூட்டை வேண்டுமானால் கடலில் தள்ளலாம். அதற்கு உப்பு அரிக்காத டைட்டானியம் தகடுகள் வேண்டும், சிப்பியும் பாசியும் குழாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

ஏ.சி. பிளான்ட்டிலேயே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால், நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது நல்ல தண்ணீர்க் கணக்கு. இந்தத் தொழிலில் எல்லோரும் பி.யு.இ. என்ற எண்ணைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். கட்டடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தை, கம்ப்யூட்டர்கள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது. 1.5 என்றால், கம்ப்யூட்டருக்கு 100 யூனிட் போகும்போது ஏ.சி., யு.பி.எஸ். போன்றவற்றுக்கு இன்னும் 50 யூனிட். கூகுள் தன் சராசரி சுமார் 1.1 என்கிறது.

சூடான தண்ணீரைக் காற்றுபடத் தெளித்துக் குளிரவைக்கும் கூலிங் டவர் வைத்தால் இந்த எண் அழகாக இறங்கும். ஆனால் அங்கே சூடு ஆவியாகத்தான் வெளியேறுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கிளப்பும் சூட்டைப் போக்கச் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு மெகாவாட் சூடு, அதாவது மணிக்கு ஆயிரம் யூனிட் என்றால் நாளுக்கு 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. உப்பு சேராமல் இருக்க அவ்வப்போது திறந்துவிடும் தண்ணீர் தனி. பி.யு.இ.யில் இதில் ஒரு சொட்டுகூடத் தெரியாது!

2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊர் நம்முடையது. அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். கூலிங் டவருக்கு அந்தத் தண்ணீர் தாராளமாகப் போதும். குழாய் எட்டாத இடமா? காற்றால் குளிரும் சில்லர் போடுங்கள். கரன்ட் பில் கூடும், கூடட்டும்.

கேள்வி: சர்வர் அறையில் வேலை செய்யும் என் மகன் மே மாதத்திலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போகிறான். அவ்வளவு குளிர் தேவையா?
— ஒரு தாய், ஆவடி

பதில்: தேவையே இல்லை அம்மா. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏ.சி. பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. நம்மைப் போலவே வெக்கையான சிங்கப்பூரில், 26 டிகிரிக்கும் மேலே படிப்படியாகப் போகச் சொல்லி 2023இல் தனித் தரநிலையே கொண்டுவந்தார்கள்.

பல இடங்களில் அறையை உறைய வைப்பதற்குக் காரணம், சர்வரின் பின்பக்கம் வெளிவரும் சூடான காற்று முன்பக்கத்துக்குத் திரும்பி வருவதுதான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஏ.சி. போடுகிற கதை. சர்வர்களை அடுக்கும் ரேக்கில் காலியான இடங்களுக்குத் தகடு போட்டு, தரையில் கேபிள் போகும் ஓட்டைகளை அடைத்து, சூடான பக்கத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்தாலே ஃபேனை மெதுவாக ஓட்டலாம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மகனிடம் சொல்லுங்கள்: ரேக்கின் முன்பக்கம் மேல், நடு, கீழ் என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கட்டும். மேலே மட்டும் சூடு என்றால் பின்பக்கக் காற்று ரேக்குக்கு மேலாகச் சுற்றி வருகிறது. அதை அடைத்த பிறகு ஏ.சி.யில் வைக்கும் வெப்பநிலையான செட் பாயின்ட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றட்டும்.