முஸ்லிம் அரசர் பழைய ஈரானைப் போற்றுவது நம்பத்தக்கதா?

கேள்வி: 10ஆம் நூற்றாண்டு ஈரானைக் களமாகக் கொண்டு நாவல் எழுதுகிறேன். என் கதையின் முஸ்லிம் அரசர், இஸ்லாத்துக்கு முந்தைய மன்னர்களைத் தம் முன்னோராகக் கொண்டாடுகிறார். இது நடந்திருக்க முடியாது என்கிறார்கள் நண்பர்கள். கட்டணம் பெற்று வரலாற்றுச் சரிபார்ப்புச் சான்றிதழ் தருவதாக ஒருவர் கூறுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: கதையை மாற்ற வேண்டாம், நீங்கள் கற்பனை செய்தது உண்மையில் நடந்திருக்கிறது. 949இல் தென் ஈரானின் ஃபார்ஸ் பகுதியின் ஆட்சிக்கு வந்த, புவைஹி எனும் முஸ்லிம் அரச மரபைச் சேர்ந்த மன்னர் அதுத் அல்-தவ்லா, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசர்கள் சூடிய ‘ஷாஹன்ஷா’ (மன்னர்களின் மன்னர்) பட்டத்தைத் தாமும் சூடிக்கொண்டார். 955இல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்சபோலிஸின் இடிபாடுகளுக்குச் சென்று, அங்கிருந்த பழைய எழுத்துகளைக் காசெரூன் நகரத்து ஜொராஸ்ட்ரிய (இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானிய மத) குருவைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டதோடு, அந்தச் செய்தியை அரபியில் அங்கேயே கல்லில் பொறித்தும் வைத்தார். நஜஃபில் இமாம் அலியின் அடக்கத்தலத்தைப் புதுப்பித்தவரும், அங்கேயே அடக்கமானவரும் இதே மன்னர்தான். ஆகவே உங்கள் அரசரை வெளியில் முஸ்லிமாகவும் உள்ளுக்குள் நெருப்பு வணங்குபவராகவும் படைத்துவிடாதீர்கள். இக்காலத்தைத் தொடும் எழுத்தாளர்கள் பலரும் விழுகிற குழி அது.

மற்றொரு குழி, புவைஹிகளுக்குச் சற்று முன் ஈரானின் ஒரு பகுதியை ஆண்ட மர்தாவிஜின் கதை. சாசானிய அரியணையை மீட்கும் கனவோடு சதா எனும் நெருப்புத் திருவிழாவை இஸ்ஃபஹானில் பெரும் ஆடம்பரமாக நடத்திய அவர் 935இல் கொல்லப்பட்டதை, மதவாதிகளின் பழிவாங்கலாகச் சித்திரிக்கத் தோன்றும். உண்மையில் அவரைக் கொன்றவர்கள், அவரால் இழிவாக நடத்தப்பட்ட அவருடைய சொந்தத் துருக்கிய அடிமைப் படைவீரர்களே.

ஒரு விலக்கை மட்டும் நீங்கள் அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும். பழைய மன்னர்களின் பெருமையையும் நவ்ரூஸ் எனும் பாரசீகப் புத்தாண்டுப் பண்டிகையையும் பழைய அறிவுரை நூல்களையும் போற்றத் தடையில்லை. கலீஃபாக்களின் அரசிலேயே நவ்ரூஸையொட்டி வரி ஆண்டு தொடங்கியதால், அறுவடைக்கு முன்பே உழவர்கள் வரி செலுத்த நேர்வதைக் கண்ட கலீஃபா அல்-முஃததித் 895இல் அந்த நாளையே தள்ளிவைத்தார். ஆனால் சிலை வழிபாடு என்ற குற்றச்சாட்டு எழுந்துவிட்டால் நிலைமை வேறு. கலீஃபாவின் படைத்தளபதி அஃப்ஷீன் மீதான வழக்கைப் பாருங்கள். வீட்டில் வைத்திருந்த அணிமணிகள் பதித்த நூலைக் காட்டிக் கேட்டபோது, அது தந்தை வழி வந்தது, அதிலுள்ள நல்லுரைகளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன் என்று அவர் விடையளித்ததாக வரலாற்றாசிரியர் அல்-தபரி பதிவு செய்திருக்கிறார். சிலைகள் இருந்த கோயிலை மசூதியாக மாற்றிய இருவரை அவர் சவுக்கால் அடித்ததாகவும் வழக்கில் கூறப்பட்டது. அரசியல் பகைக்கு அந்தக் குற்றச்சாட்டு வாகாக அமைந்தது. 841இல் சிறையிலேயே அவர் இறந்தார். உங்கள் அரசர் எதைப் போற்றுகிறார் என்பதைவிட, அவருடைய எதிரிகள் அதை எப்படித் திரித்துச் சொல்வார்கள் என்பதில்தான் உங்கள் கதைக்கு வேண்டிய சிக்கல் இருக்கிறது.

சான்றிதழ் தருவதாகச் சொல்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நாவலுக்கு அப்படியொரு சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. பதிப்பாளர்களும் அதைக் கேட்பதில்லை. அரபு, பாரசீக மூலங்களைத் தமிழில் கொண்டுவரும் பொறுப்பை நம் கல்வித்துறை இத்தனை காலமாகத் தட்டிக்கழித்து வருவதால்தான் இத்தகைய இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள் என்பது எனக்குத் தாளாத வருத்தம். அந்தப் பணத்தில் அல்-தபரி வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து, அஃப்ஷீன் வழக்கு இடம்பெறும் தொகுதியை வாங்குங்கள்.