மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: புளியரையிலிருந்து தினமும் கேரளாவில் இருக்கும் புனலூர் போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மொத்தம் ஏழு பேர். சூப்பர்வைசர் துணி எடுத்துத் தரும் சாக்கில் கையைப் பிடிக்கிறார், ராத்திரி பதினோரு மணிக்கு "தூங்கியாச்சா" என்று வாட்ஸப் அனுப்புகிறார். கூட வேலை பார்க்கும் சேச்சி, "அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான், பெரிசாக்காதே" என்கிறார். பக்கத்து ஸ்டேஷனில் கேட்டால், "அது கேரளா கேஸ்" என்று அனுப்பிவிட்டார்கள். தெரிந்த ஒருவர், வக்கீல் வைத்துப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சேச்சிக்கு அது தொந்தரவாகத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிகிறதே, அது போதும். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது, அது உங்களுக்கு விருப்பமில்லாமல் நடந்ததா என்பதை. "நான் தங்கச்சி மாதிரி நினைத்தேன்" என்று சூப்பர்வைசர் சொல்வதால் விஷயம் முடிந்துவிடாது.

முதலில் அந்தத் தெரிந்தவரை விட்டு விலகுங்கள். இப்படி ஒருவரிடம் நாலாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு பெண் என்னிடம் வந்தார். கையில் ஒரு முத்திரைத் தாள், முழுக்க மலையாளம், அடியில் அவருடைய தமிழ்க் கையெழுத்து. புகார் மனு என்று நினைத்துப் போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தால், "பேசி முடித்துக்கொண்டேன், இனி எனக்குப் புகார் இல்லை" என்று இருக்கிறது. எல்லையில் ஆரியங்காவு தாண்டினால் பாஷை மாறுகிறது, அதை வைத்தே சிலர் பிழைக்கிறார்கள். சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டும்தான், அதுவும் இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் குழுவின் முன்னால்தான். அதில் பணம் கைமாறக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. குழு விசாரணையில் உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அனுமதியும் கிடையாது. வக்கீலான நானே சொல்கிறேன், அந்தச் செலவு வேண்டாம்.

சரி, எந்தக் குழு? பத்துப் பேராவது வேலை செய்தால் கடைக்குள்ளேயே புகார்க் குழு வைக்க வேண்டும். தினக்கூலி, பயிற்சிக்கு வந்த பெண் எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள், நன்றாக எண்ணிப் பாருங்கள். ஏழே பேர் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. ஐம்பது பேர் இருக்கும் கடையானாலும், தொந்தரவு செய்தவர் முதலாளியே என்றால் அப்போதும் உள்ளூர்க் குழுதான். அவர் அமைத்த குழு அவரையே எப்படி விசாரிக்கும்? உங்கள் வீடு தென்காசி மாவட்டம், கடை கொல்லம் மாவட்டம். மனு கொல்லத்துக்குத்தான் போக வேண்டும். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், கலெக்டர் ஆபீஸ்களில் இந்தக் குழு எந்த அறையில் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். அலைந்து அலைந்து வெறுத்துப்போய்த் திரும்பிய பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் திரும்பிவிடாதீர்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆறு பிரதி, சாட்சி சொல்பவர்களின் பெயர், விலாசம் சேர்த்துக் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை.

கையைப் பிடித்ததற்குத் தனியாகப் போலீஸ் புகாரும் கொடுக்கலாம். "அது கேரளா கேஸ்" என்ற பதில் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, எல்லை பார்க்காமல் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

அப்புறம், அருவருப்பாக இருந்தாலும் அந்த ராத்திரி மெசேஜ்களை அழிக்க வேண்டாம். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.