செயற்கை நுண்ணறிவு நொடியில் கவிதை தரும்போது யாப்பு கற்பது வீண் வேலையா?

யாப்பு என்னும் செய்யுள் இலக்கணப்படி வெண்பா பழகத் தொடங்கி, தளை (ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்தும் கட்டு) தட்டித் தட்டிச் சலித்துப்போய் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீண் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

என் அப்பா குழித்தறி நெசவாளி. அவருடைய முதலாண்டு நினைவு அட்டைக்கு வெண்பா எழுத உட்கார்ந்தேன். ‘தறியில் கால்கள்’ என்று ஆரம்பித்ததுமே தட்டியது. ‘தறியில்’ புளிமா, அதாவது மா வகைச் சீர். மாவுக்கு அடுத்து, ‘தறி’போல் குறிலில் தொடங்கி ஈரெழுத்து இணையும் நிரை அசை வரவேண்டும், ‘கால்’ நேர் அசை. இரண்டு நாள் நகரவில்லை. பொறுமையிழந்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். ‘மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்’ என்று விதியைப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு (மா, விளம், காய் சீர் வகைகள், ‘முன்’ என்றால் இங்கே ‘அடுத்து’) நாலடி தந்தது. வெண்பாவுக்கு வேண்டியபடி ஈற்றடியில் மூன்று சீர்கூட இருந்தது. அலகிட்டால் ஆறு இடத்தில் தளை இல்லை. சுட்டிக்காட்டினேன், மன்னிப்புக் கேட்டு இன்னொன்று தந்தது, அது வேறு இடங்களில் தட்டியது. சொல்லை அது நம்மைப்போல் அசை பிரித்து வாசிப்பதில்லை, வேறு கணக்கில் துண்டாக்கிக்கொள்கிறது என்பதும் ஒரு காரணம்.

உடனே மரபுவெறியன் என்று சண்டைக்கு வராதீர்கள். அலுவலகக் கடிதங்களுக்கு நானே அதைப் பயன்படுத்துகிறேன். யாப்பைச் சோதித்துச் சொல்லும் ‘அவலோகிதம்’ என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பிழையற்ற வெண்பா நாளைக்கே வரலாம். நான் சொல்லவந்தது அது இல்லை.

‘கால்’ வேண்டுமென்றால் முன்னால் விளமோ காயோ வேண்டும். ‘தறி’யோடு என்ன சேரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ‘தறிக்குழி’ வந்தது. நான் முப்பது வருடமாக உச்சரிக்காத சொல். மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். அப்பா சொம்பால் இறைத்துவிட்டு, ஈரமண்ணில் கால் நனைய மிதிப்பார்.

‘தறிக்குழியில் காலிரண்டும் தாளம் தவறாமல்’

செயலி அவரை ‘உழைப்பின் சிகரம்’ என்று எழுதியிருந்தது. அதைக் குறைசொல்ல முடியாது, அந்த ஈரத்தை நான் அதனிடம் சொல்லவில்லை. தளை தட்டி நிற்கும்வரை எனக்கே அது நினைவில் இல்லையே.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அட்டை அடித்த அச்சகத்தில் ‘படிக்க ஈஸியா இருக்கும் சார்’ என்று ‘தறிக் குழியில்’ எனப் பிரித்துவிட்டார்கள். நாற்சீரடி ஐந்து சீராகிவிட்டது. 200 அட்டை. திரும்ப அடித்துத் தரமாட்டோம் என்றார்கள். அன்றிரவு ஒவ்வொரு அட்டையிலும் அந்த இடைவெளியைப் பேனாவால் வளைத்துச் சேர்த்தேன்.