மோர்கமும் கேம்பர்வேனும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரை ஊரான மோர்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, மே மாத விடுமுறையில் கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்வந்தோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். போய்ச் சேர்ந்தபோது கடலே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. பல கடைகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகளுக்கு ஒரு ராட்டினம்கூட இல்லை. கடற்கரைச் சாலையோரம் வண்டியை நிறுத்தித் தூங்கிக்கொண்டிருந்தோம், நடு ராத்திரியில் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, இங்கே தங்கக்கூடாது என்று கிளப்பிவிட்டார். புளிசாதம், தயிர்சாதம், தின்பண்டம் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்ததால் சாப்பாட்டுக்கு மட்டும் கஷ்டமில்லை. இந்தப் பணத்துக்கு ஸ்பெயின் போயிருக்கலாம் என்கிறார் என் மனைவி. இந்த மாதிரி ஊர்களை எதற்காக இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்? அடுத்த ஈஸ்டருக்கு எங்கே போகலாம் என்றும் சொல்லுங்கள்.

ர., மில்டன் கீன்ஸ்

அன்புள்ள ர.,

ஸ்பெயின் என்று உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த மூடிய கடைகளுக்கு ஸ்பெயின்தான் பாதிக் காரணம். 1960களிலும் 70களிலும் விமானம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு சுற்றுலா விற்க ஆரம்பித்தார்கள். நிச்சயமான வெயிலும் கிடைக்கும் என்றானபோது, வடக்கு இங்கிலாந்தின் குளிர்காற்றில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார யார் வருவார்கள்? போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வருடம் முழுக்க உழைத்தவர்களுக்கு வெயில் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அவர்களுக்காகவே கட்டப்பட்ட ஊர் ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது, அதை யாரும் கூடவே எடுத்துப் போக முடியாதல்லவா.

அந்த ஊர் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 1848இல் ரயில் வரும்வரை அது மீனவர்கள் வாழ்ந்த சின்னஞ்சிறு இடம். ரயில் பாதை யார்க்‌ஷயர் பக்கம் நீண்டதும் லீட்ஸ், பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஊருக்கே ‘கடலோர பிராட்ஃபோர்டு’ என்று பட்டப்பெயர் விழுந்தது. கோடையில் ஒரு வாரம் ஆலையை மொத்தமாக மூடி, கொதிகலனைச் சுத்தம் செய்து எந்திரங்களைப் பழுது பார்ப்பார்கள். அந்த வாரம்தான் தொழிலாளிக்கு விடுமுறை, அதற்குச் சம்பளமும் கிடையாது. வாராவாரம் கொஞ்சம் காசு கட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு தெருவே கிளம்பி வரும், பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயும் பக்கத்து அறையில்தான் இருப்பார். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு அங்கே சட்டம் வந்தது 1938இல்தான்.

இதில் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற ஒரு விஷயம் உண்டு. அந்தக் காலத்து விடுதிகளில் பலர் உங்களைப் போலவே சாப்பாட்டுக்குத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்வார்கள். ரொட்டி, இறைச்சி, முட்டை, தேயிலை எல்லாம் கொண்டுவந்தோ கடைத்தெருவில் வாங்கியோ விடுதி நடத்தும் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் ஒவ்வொரு குடும்பத்தின் பொட்டலத்தையும் தனித்தனியாக அடையாளம் வைத்துச் சமைத்துப் பரிமாறுவார். அறைக்கு வாடகை, சமைத்துக் கொடுத்ததற்குக் கூலி, சாப்பாட்டு மேசையில் உப்பும் மிளகும் வைத்ததற்குக்கூட தனியாகச் சில காசுகள். சிக்கனமாக வந்த தொழிலாளியின் கையிலிருந்தும் ஏதோ கொஞ்சம் அந்த ஊரில் தங்கியது. மோர்கத்தில் நீங்கள் பார்த்த உயரமான வரிசை வீடுகள் எல்லாம் அந்தச் சில்லறையில் எழும்பியவை.

கேம்பர்வேனில் என்ன நடக்கிறது பாருங்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. ஒரு கடற்கரை ஊர் காலங்காலமாக விற்றுப் பிழைத்ததும் இந்த மூன்றைத்தான். நீங்கள் ஊருக்குள் போய், காற்று வாங்கி, படம் எடுத்து, சாலையோரம் இலவசமாகத் தூங்கி, புளிசாதம் சாப்பிட்டுத் திரும்பினால் அந்த ஊருக்கு மிஞ்சுவது என்ன? உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடைகள் மூடிக் கிடக்கின்றன என்ற வருத்தம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த வருத்தம் நிஜமானது என்று நம்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன், அடுத்த முறை இந்த மூன்றில் ஒன்றையாவது ஊரில் வாங்குங்கள். ஒரு வேளையாவது வெளியே சாப்பிடுங்கள். மோர்கம் வளைகுடாவில் பிடிக்கிற சின்ன பழுப்பு இறாலை மசாலா சேர்த்த வெண்ணெயில் ஊறவைத்து சிறிய கிண்ணத்தில் தருவார்கள், சூடான டோஸ்ட் மேல் தடவினால் வெண்ணெய் உருகி இறங்கி, ஜாதிபத்திரி வாசம் மேலே வரும், நம் நாக்குக்கு அது சட்டென்று பிடித்துப்போகும். அசைவம் வேண்டாம் என்றால் கடற்கரைச் சாலையில் புரூச்சியானீஸ் இருக்கிறது, 1939இல் திறந்த ஐஸ்கிரீம் கடை. பிள்ளைகள் ராட்டினத்தை மறந்துவிடுவார்கள்.

ராட்டினம் முன்பு இருந்தது, ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவே இருந்தது. கடலுக்குள் நீண்டு நிற்கும் இரண்டு உலாப் பாலங்கள் இருந்தன, ஒன்றைப் புயல் 1977இல் கொண்டுபோனது, இன்னொன்றை 1992இல் பிரித்தெடுத்தார்கள். 1936இல் திறந்த பிரம்மாண்டமான நீச்சல் குளத்தை 1975இல் மூடினார்கள். விருந்தினர் வராத விடுதிகளை அறை அறையாகப் பிரித்து மலிவு வாடகைக்கு விட்டார்கள். ஊரின் மேற்குப் பகுதித் தெருக்களில் நடந்தால், ஒரே கதவுக்குப் பக்கத்தில் ஆறேழு அழைப்பு மணிப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கையால் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு, மழையில் மை கரைந்து போயிருக்கும். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள், நோயாளிகள், வேலை போனவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2021இல் கடற்கரை ஊர்களின் ஆரோக்கியம் பற்றியே தனி அறிக்கை கொடுத்தார், நிலைமை அவ்வளவு மோசம். உரிந்த பெயின்ட்டைப் படம்பிடிக்க மட்டும் இந்த ஊர்களுக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒருவர் குடியிருக்கிறார்.

சரி, கடலே இல்லை என்றீர்களே. அதைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் ஐந்தாறு மணி நேரம் பொறுத்திருந்தால் அதே இடத்தில் சுவரை மோதும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். மோர்கம் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் 10 மீட்டர் வரை போகும். வற்றும்போது சுமார் 300 சதுர கிலோமீட்டர் மணலும் சேறும் வெளியே வருகின்றன. அந்தச் சேறுதான் அங்கே சொத்து. ஆரஞ்சு அலகும் கறுப்பு வெள்ளை உடம்புமாகச் சிப்பிபிடிப்பான்கள் அதில் குத்திக் குத்தி இரை தேடும், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வரும். எதிர்க்கரையில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் ஒரே வரிசையாகத் தெரியும்.

ஆனால் ஒன்று, அந்த மணலில் தன்னிஷ்டத்துக்கு இறங்கவே கூடாது, பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். புதைமணல் உண்டு, தண்ணீர் முன்னால் இருந்து வராது, பின்னால் இருக்கிற ஓடைகளை முதலில் நிரப்பி வழியை அடைத்துவிடும். 2004 பிப்ரவரி 5ஆம் தேதி இரவு இந்த மணலில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல், அற்பக் கூலிக்கு, ஊரும் கடலும் தெரியாதவர்களை இருட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். விவசாயம், சிப்பி பொறுக்குதல் போன்ற வேலைகளுக்குத் தொழிலாளர்களைக் கூலிக்கு விடும் ஒப்பந்ததாரர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் அதே வருடம் நிறைவேறியது. ஒரு வாரம் ஓய்வெடுக்கத் தொழிலாளர்கள் வந்த கரையிலேயே இது நடந்தது என்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

மணலைக் கடக்க ஆசை இருந்தால் வழிகாட்டியோடு போகலாம். 16ஆம் நூற்றாண்டிலிருந்து அரசே நியமிக்கிற பதவி அது. செட்ரிக் ராபின்சன் 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்து பெருங்கூட்டங்களைக் கரை சேர்த்தவர். முந்தின நாளே போய்ப் பார்த்து, பாதுகாப்பான பாதையில் லாரல் கிளைகளை நட்டுவைப்பார்கள். கோடையில் நடைகள் உண்டு, வளைகுடாக் கரையிலுள்ள ஆர்ன்சைடிலிருந்து புறப்படுவது வழக்கம். உங்கள் பிள்ளைகள் ஓரளவு பெரியவர்கள் என்றால் அழைத்துப் போங்கள், இடுப்பளவு இல்லாவிட்டாலும் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கும், குதூகலமாக இருப்பார்கள்.

அப்புறம் மிட்லாண்ட் ஹோட்டல். 1933இல் ரயில்வே கம்பெனி கட்டியது, ஆலிவர் ஹில் வடிவமைத்தது, கடலைப் பார்த்து வெள்ளையாக வளைந்து நிற்கும். 1998இல் மூடிப் பாழாகக் கிடந்து, 2008இல் மறுபடி திறந்தது. அங்கே தங்க வேண்டியதில்லை, ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்காரலாம், சுழல் படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே அண்ணாந்து பாருங்கள். விண்டர் கார்டன்ஸ் அரங்கம் 1897இல் திறந்தது, 1977இல் மூடியது, ஒட்டியிருந்த நடன மண்டபத்தை இடித்தே விட்டார்கள். மிச்சமாவது நிற்கட்டும் என்று உள்ளூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சம்பளம் வாங்காமல் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். எனக்குச் சுற்றிக்காட்டிய முதிய பெண்மணி ஒவ்வொரு இருக்கை வரிசையையும் கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். உண்டியலில் ஏதாவது போடுங்கள். மோர்கத்தில் கட்டத் திட்டமிட்ட ஈடன் என்ற சுற்றுச்சூழல் காட்சிக்கூடத்துக்கு 2023இல் அரசு 5 கோடி பவுண்ட் அறிவித்தது, அது ஊருக்குக் கை கொடுக்கட்டும், ஆனால் அதற்கு முன்பே இந்த ஊரைத் தாங்கியவர்கள் இவர்கள்.

ராத்திரி கிளப்பிவிட்டது வருத்தம்தான், பிள்ளைகள் பயந்திருப்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் வண்டியில் ராத்தங்குவது கூடாது, கடற்கரைச் சாலைகளில் பெரும்பாலும் பலகையே வைத்திருப்பார்கள். பக்கத்து ஊரான ஹீஷம் பக்கம் கேரவன் பார்க்குகள் உண்டு, கேம்பர்வேனுக்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில பப்களில் இரவுச் சாப்பாடு அங்கேயே சாப்பிட்டால் பின்னால் நிறுத்திக்கொள்ள விடுவார்கள். காற்றடிக்கும் கரையில் வண்டியின் தூக்குக் கூரையை விரிக்காதீர்கள், விடிய விடியப் படபடத்து யாரையும் தூங்கவிடாது. கழிப்பறைத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள்.

ஈஸ்டருக்கு ஸ்கார்பரோ போங்கள், கிழக்குக் கரை. 1867இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் குன்றின்மேல் நிற்கிறது, அந்தப் பருவத்தில் கிட்டிவேக் பறவைகள் ஊருக்குள் கட்டட விளிம்புகளில் கூடு வைக்க வந்திருக்கும், சத்தம் காதைப் பிளக்கும். வடக்கு விரிகுடாவில் 1931இலிருந்து ஓடுகிற குட்டி ரயில் இருக்கிறது, ராட்டினக் குறை அதில் தீர்ந்துவிடும். இரண்டு ராத்திரி வண்டியில் தூங்கினால் ஒரு ராத்திரியாவது சின்ன விடுதி ஒன்றில் அறை எடுங்கள், காலைச் சாப்பாடு சேர்த்தே கொடுப்பார்கள், சைவம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் போதும். தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த நாட்களில் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்