14 டன் எடையுள்ள பழைய மெஷினைக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கன்டெய்னரில் போகுமா, வேறு வழி பார்க்க வேண்டுமா?

எடையைச் சொன்னீர்கள், உயரத்தைச் சொல்லவில்லையே! கப்பலுக்கு 14 டன் ஒரு எடையே இல்லை. 20 அடி கன்டெய்னரே ஏறக்குறைய 28 டன் தாங்கும். சிக்கல் எப்போதும் கதவில்தான். சாதாரணக் கன்டெய்னரின் கதவுத் திறப்பு சுமார் 2.34 மீட்டர் அகலம், 2.28 மீட்டர் உயரம். ஹை க்யூப் (உயரம் கூடிய கன்டெய்னர்) எடுத்தால் உயரம் 2.58 வரை கிடைக்கும்.

சரக்கு அனுப்பும் வேலைக்கு நான் வந்த புதிதில் ஒரு பிரஸ் மெஷின் வந்தது. வரைபடத்தில் உயரம் 2.46 மீட்டர். ஹை க்யூப் போதும் என்று புக் செய்துவிட்டேன். மெஷினுக்கு அடியில் அடித்த மரச்சட்டம் 15 சென்டிமீட்டர் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மூன்று சென்டிமீட்டர் இடித்தது. லாரி நிற்கிறது, ஃபோர்க்லிஃப்ட் நிற்கிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஃபிட்டர் வந்து, மேலே துருத்திக்கொண்டிருந்த மோட்டாரின் நான்கு போல்ட்டைக் கழற்றினார். உள்ளே போய்விட்டது. அன்று முதல் வரைபடத்தை நம்புவதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய், மரச்சட்டத்தோடு சேர்த்து அளக்கிறேன்.

எனவே கட்டணம் விசாரிக்கும் முன் எதையெல்லாம் கழற்றலாம் என்று பாருங்கள். கழற்றியும் உயரம் மட்டும் இடித்தால் ஓப்பன் டாப்: கிரேனால் மேலிருந்து இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடுவது. அகலமும் இடித்தால் ஃப்ளாட் ராக்: தரையும் இரு முனைச் சுவரும் மட்டும் இருக்கும். மெஷின் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் வேறு கன்டெய்னர் வைக்க முடியாமல் போகும் இடத்துக்கும் உங்களிடம்தான் காசு கேட்பார்கள். சக்கரம் உள்ளவை, சாய்தளம் வழியாக வண்டிகளை ஏற்றும் ரோ-ரோ கப்பலில் தாமே ஏறிப் போகும். எதிலும் அடங்காதது பிரேக் பல்க்: கன்டெய்னர் இல்லாமல் தனிச் சரக்காகவே கப்பலில் ஏற்றுவது. அதில் பொதுவாக டன், கன மீட்டர் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 3 மீட்டர் நீளம், 2.5 அகலம், 2.8 உயரம் என்றால் 21 கன மீட்டர். எடை 14 டன்னாக இருந்தாலும் பில் 21-க்கு வரும். ஒரு பிராக்கெட்டைக் கழற்றினால் அங்கேயும் லாபம்.

அடுத்தது கட்டுவது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கன்டெய்னரில் சரக்கேற்றுவதற்கான சர்வதேச வழிகாட்டி நூல் (சிடியூ கோடு), மோசமான கடலில் பக்கவாட்டில் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை வரும் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. உங்கள் மெஷினுக்கு அது 11 டன்னுக்கு மேல். நான்கு கட்டையை ஆணியடித்து வைத்தால் நிற்குமா? செயினும் அதைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளும் வேண்டும், மெஷினில் எந்த இடத்தில் கட்டலாம் என்று தெரிய வேண்டும். லேத் மாதிரி ஒரு பக்கம் கனமானது என்றால், எடை மையம் எங்கே என்று இரு பக்கமும் பெயின்ட்டில் குறித்துவிடுங்கள், கிரேன் ஓட்டுபவர் உங்களை வாழ்த்துவார். நான்கு சிறிய காலில் மொத்த எடையும் நின்றால் கன்டெய்னர் தரை தாங்காது. அடியில் இரும்பு பீம் போட்டு எடையைப் பரப்புங்கள்.

மரம் எதுவானாலும் சரி என்று நினைக்காதீர்கள். மரப் பேக்கிங் வழியாகப் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன்படி, மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தியதற்கான முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல நாடுகளில் துறைமுகத்திலேயே தடுத்துவிடுவார்கள். ஈர மரம் வேண்டவே வேண்டாம். கன்டெய்னருக்குள் வேர்த்து, கூரையிலிருந்து சொட்டும். பளபளப்பான பாகங்களுக்குத் துருத்தடுப்பு எண்ணெய், மேலே விசிஐ ஃபிலிம் (துருவைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள்), கூடவே சிலிக்கா ஜெல் பைகள். பழைய மெஷின் என்பதால் எண்ணெயை வடித்து, பேட்டரியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறதென்றால் மண் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது.

2016 ஜூலை 1 முதல், கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். மெஷின் தகட்டில் உள்ள எடையை அப்படியே எழுதாதீர்கள். மரம், செயின், கன்டெய்னர் எல்லாம் சேர வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஹேக்-விஸ்பி விதி பொருந்தும் இடத்தில் கப்பல் கம்பெனியின் பொறுப்பு, கிலோவுக்கு 2 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர், எது அதிகமோ அத்தோடு சரி. உங்களுக்கு 28,000 எஸ்டிஆர். மெஷினின் மதிப்பு அதைவிட அதிகமா என்று பாருங்கள். 2021-இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல் நினைவிருக்கும். சரக்கு சேதமாகாதவர்களும் ஜெனரல் ஆவரேஜுக்கு (கப்பலை மீட்ட செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது) உத்தரவாதம் கொடுத்த பிறகே பொருளைப் பெற முடிந்தது. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு அதை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொண்டது. மிக விரிவான பாதுகாப்புத் தரும் ‘ஏ’ ஷரத்துப் பாலிசி (கிளாஸ் ஏ) எடுத்தாலும் பேக்கிங் சரியில்லை என்றால் பணம் வராது. கட்டி முடித்ததும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, வாங்குபவரிடம் இன்றே கேளுங்கள்: அங்கே எப்படி இறக்குவார்கள்? டிரெய்லர்மேல் இருக்கும் கன்டெய்னரின் தரை ஒரு மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து 14 டன்னைக் கதவு வழியாக இழுத்து வெளியே எடுக்க அவரிடம் வசதி இல்லை, கிரேன் மட்டும்தான் கிடைக்கும் என்றால், மெஷின் கதவில் தாராளமாக நுழைந்தாலும் நான் ஓப்பன் டாப்தான் எடுப்பேன்.